மூன்றாவது கம்பி

ஞாயிறு, மதியம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். உங்களைச் சுகமா என்று கேட்டால் "ம்" என்பீர்கள். சிகிச்சைக்கு அக்கா ஊருக்குப் போனதிலிருந்து, மூன்று மாதமாக ஃபோனில் அந்த ஓர் எழுத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதுவும் போயிற்று. உங்கள் அக்கா எடுத்து, "அவன் தூங்குறான்மா" என்றார். காலை பத்து மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் படித்துவிட்டு "ம்" கொட்டினால் எனக்குக் கேட்காது, பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெந்த கை எப்படி இருக்கிறது? மெழுகு மாதிரி ஓர் உருண்டையைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்களாம். நேற்று பெருவிரல் நுனியைச் சுண்டுவிரல் தொட்டுவிட்டதாக அக்கா சொன்னார். அதை நீங்களே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை. கேட்டதும் மகளும் நானும் எங்கள் விரல்களை அப்படித் தொட்டுப் பார்த்தோம். எவ்வளவு சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன்!

இனி தொழிற்சாலைச் செய்தி. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்று உங்கள் முன்னால் வெடித்த அந்தப் பழைய மின் பேனலைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கதவு கருகியது கருகியபடியே லாரியில் ஏற்றினார்கள். நான் மேஜையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, அந்த லாரி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அது போன பிறகுதான் உள்ளே போனேன்.

அந்த இடத்தில் இப்போது புதுப் பேனல். தைரிஸ்டர் என்று ஏதோ. நீங்கள் முதலாளியிடம் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே? பேனல்காரர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பழைய பேனலின் கான்டாக்டர் சுவிட்ச் "டமால்" என்று சேர்ந்து "டமால்" என்று பிரியும்; உலை ஒரேயடியாகச் சூடாகும், இல்லையென்றால் ஒரேயடியாக ஆறும். இதில் ஆடுகிற பாகமே இல்லை. ஃபயரிங் மாட்யூல் என்ற சின்னப் பெட்டி, எந்த நொடியில் எவ்வளவு நேரம் கரண்ட் விட வேண்டும் என்று தைரிஸ்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். மகள் இதைக் கேட்டுவிட்டு, "ஃபயரிங்னா அப்பா ஃபேக்டரியில துப்பாக்கி சுடுவாங்களா?" என்றாள். இல்லை, பாட்டிலுக்குச் சூடு விடுவார்கள் என்றேன். "சப்புனு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சத்தம் போனது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஏழு வருஷமாக அந்த "டமால்" கேட்டுத்தான் பாட்டில் பார்த்தேன்.

பாட்டில் நன்றாக வருகிறது, குறை சொல்லக்கூடாது. என் மேஜைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒழுங்காக ஆறிய மருந்து பாட்டில் ஒரே இருட்டாகத் தெரியும், உள்ளே இறுக்கம் இருந்தால் அடிப்பக்கம் வானவில் மாதிரி நிறம் ஓடும் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது நிறம் ஓடுகிற பாட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் விளக்குதான் சரியில்லை. மேஜை விளக்கு மங்குகிறது, பிறகு எழும்புகிறது, மறுபடி மங்குகிறது. நாள் முழுக்க இதே. பாட்டில் பார்க்கும் எங்கள் ஆறு பேருக்கும் தலைவலி. கடைசி நாற்காலிக்காரி நேற்று நல்ல பாட்டிலாக முந்நூறு எடுத்துக் கழிவில் போட்டுவிட்டாள். மேற்பார்வையாளர் எங்கள் கண்ணைச் சந்தேகப்படுகிறார். கண் டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். பேனல்காரரிடம் கேட்டேன். "போகப் போகப் பழகிடும்மா" என்கிறார். பழகுவது விளக்கா, கண்ணா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

எனக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான் உண்டு. அவர் தூங்குகிறாராம்.

பதிலுக்கு விலாசம் எழுதிய உறையே வைத்திருக்கிறேன். இடது கையால் எழுதினால் போதும், எழுத்தழகுக்கு மார்க் போட மாட்டேன். உங்கள் கருவிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லி அனுப்பினீர்கள். ஆள் தேடுகிறேன். தகுந்த ஆள் இன்னும் அகப்படவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் பயிற்சியை ஏமாற்றாதீர்கள்.

பதிலை எதிர்பார்க்கும்
உங்கள் மனைவி


திங்கள், மாலை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். "மாட்யூல் இரண்டா மூன்றா? விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை?" இவ்வளவுதான். எட்டு வார்த்தைகூட இல்லை. அன்புள்ள இல்லை, இப்படிக்கு இல்லை. இருந்தாலும் ஞாயிறு முழுக்க அதை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவும் ரெண்டாம் கிளாஸ் மாதிரி எழுதுறாரு" என்று சந்தோஷப்பட்டாள். 'ன்'-னுக்குச் சுழி ஒன்று அதிகமாகப் போட்டிருக்கிறீர்களாம். சிவப்புப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறாள், பத்திரமாக இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். விளக்கு நிமிடத்துக்கு முப்பது தடவை மங்குகிறது. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் முப்பது. கடைசி நாற்காலிக்காரியையும் எண்ணச் சொன்னேன், அவள் கணக்கு இருபத்தொன்பது. அவள் நடுவில் தும்மினாள்.

மாட்யூல் விஷயத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். பயப்படாதீர்கள், எதையும் தொடவில்லை. பேனல் கதவில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் வழியாகத்தான் பார்த்தேன். வெள்ளித் தகடு அடுக்கிய மாதிரி முதுகோடு இரண்டு தைரிஸ்டர் மாட்யூல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மேலேயிருந்து மூன்று தடிக் கம்பிகள் இறங்குகின்றன. இரண்டு அந்த இரண்டுக்குள் போய் வெளியே வருகின்றன. மூன்றாவது எதற்குள்ளும் போகவில்லை, நேரே உலைக்கு ஓடுகிறது. பேனல்காரரிடம், "இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டேன். "ரெண்டு போதும்மா. ரெண்டை அடைச்சா மூணாவதுல கரண்ட் எப்படி ஓடும்? ஓட வழி இல்லியே" என்றார். சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஆனால் மூன்றாவது ஓர் ஓரமாகச் சும்மா போகிறதே என்று எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பாட்டிலைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டேன், எதிலும் குறை தெரிகிறது. நீங்கள் கேட்ட காரணம் என்ன? எழுதுங்கள், இந்தத் தடவை பத்து வார்த்தை.

மற்றபடி நல்ல செய்திதான். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரி செய்தேன், இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

உலை அண்ணன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உலையின் கடைசிப் பகுதியில் ஒரு ஹீட்டர் காயில் அறுந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் பெல்ட்டை நிறுத்தி மாற்றப் போகிறார். "முன்ன மாதிரி மெயினுக்கு ஓட வேண்டியதில்ல, கன்ட்ரோலரைச் சைபர்ல வெச்சா முடிஞ்சது, ஒரு மணி நேர வேலை" என்று புதுப் பேனலைத் தட்டிக் கொடுத்தார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டாவது உறையும் வைத்திருக்கிறேன்.

உங்கள் வரிக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி


வெள்ளி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு

என் அன்புக்குரியவருக்கு,

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நேற்று ஆபீஸுக்கு ஃபோன் செய்த நீங்கள், மெயினை "இறக்கியாச்சு" என்ற வார்த்தையைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் ஐந்து தடவை அழைத்தேன். அக்கா எடுத்து, "மாடியில போய் உக்காந்திருக்கான், பேச மாட்டேங்கிறான்" என்றார். ஆகவே இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பன்னிரண்டே கால் இருக்கும். ஆபீஸில் டைப் அடிக்கும் அக்கா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடையை எட்டிப் போடாதவள், எங்கள் மேஜையைத் தாண்டி ஓடினாள். கண்ணாடித் தூள் கிடக்கும் தரையில் ஒரு செருப்பு கழன்றது, அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. "உலையைத் தொடாதீங்க! மெயினை இறக்குங்க! தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

உலை அண்ணன் கடைசிப் பகுதியின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கன்ட்ரோலர் சைபரில் இருந்தது. முழங்காலை ஊன்றி, ஸ்பேனரோடு கையை உள்ளே நீட்டப் போகிற நேரம். கத்தலைக் கேட்டு, "என்னாச்சும்மா, எங்க தீ?" என்று திரும்பினார். கை வெளியில் இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் மெயினை இறக்கினார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை. மேற்பார்வையாளர்தானாம்.

ஆபீஸ் அக்கா பிறகு சொன்னாள். "அவர் கை உள்ள இருக்கா வெளிய இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்களாம். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று.

இனிதான் நீங்கள் கேட்க வேண்டியது. முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. உலை அண்ணனே, "பாவம், அடிபட்ட மனுஷன், பயந்துபோய் இருக்கார்" என்றார். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, ஆனாலும் பேனல்காரரை வரச் சொன்னார். மூன்று மணிக்கு அவர் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். மெயின் இறங்கியிருக்கும்போதே மீட்டரின் ஒரு கம்பியைக் காயிலிலும் இன்னொன்றை உலையின் உடம்பிலும் மாட்டினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கன்ட்ரோலர் சைபரில் இருக்க மெயினை மட்டும் ஏற்றினார்.

மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது.

பேனல்காரர் மெயினை இறக்கிவிட்டு, மீட்டரை வேறு இடத்தில் மாட்டி மறுபடி ஏற்றினார். அங்கேயும் இருநூற்று முப்பது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் நல்ல மனிதர், மழுப்பவில்லை. முதலாளியிடம் நேராகவே சொன்னார்: "காயில்ல கரண்ட் ஓடாது சார், அதனால சூடாகாது. ஆனா மூணாவது கம்பி நேரா வர்றதால உயிர் எப்பவும் இருக்கும். ஆள் தொட்டா ஆள் வழியா ஓடும். எனக்கு இது தெரியும். கதவுல எழுதி ஒட்டியிருக்கணும். ஒட்டல. தப்பு என்னுதுதான்." பிறகு என்னிடம் வந்து, ஃபோன் செய்தவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். "இங்கதான். லீவுல இருக்காரு" என்றேன்.

உலை அண்ணன் ஓர் ஓரமாக உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி உங்களுக்கு என்று ஒரு சட்டைத் துணி கொண்டுவந்தார். அண்ணன், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்று ஆரம்பித்தார். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை யோசித்தார். முடியாமல், நம் குளியலறைக் குழாயைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஒழுகவில்லை.

நீங்கள் எதற்காக இரண்டா மூன்றா என்று கேட்டீர்கள் என்பதும் பேனல்காரர் சொல்லித்தான் புரிந்தது. இரண்டு மட்டும் இருந்தால் கரண்டைக் கொத்துக் கொத்தாகத்தான் விட முடியுமாம். ஒரு கொத்து போகும்போதெல்லாம் எங்கள் விளக்கு மங்குகிறது. மூன்று இருந்தால் ஒவ்வோர் அலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விடலாம், விளக்குக்குத் தெரியவே தெரியாதாம். ஆக எங்கள் கண்ணில் கோளாறு இல்லை. மேற்பார்வையாளர் ஆறு பேரிடமும் வந்து சொன்னார். கடைசி நாற்காலிக்காரி, "எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிவிட்டாள்.

முதலாளி மூன்றாவது மாட்யூலுக்குச் சொல்லிவிட்டார். உலைக்குப் பக்கத்திலேயே பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு மெயின் சுவிட்சும் வருகிறது. மூன்று மாட்யூல் இருந்தாலும் அது பூட்டு ஆகாது, மெயினை இறக்காமல் தொடக்கூடாது என்று பேனல்காரரே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். வேலை அடுத்த புதன்கிழமை. மாட்டுவது அவருடைய ஆட்கள். ஆனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் உலையை ஏத்தணும். கையால ஒண்ணும் செய்ய வேண்டாம். கண்ணால பார்த்தா போதும். கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை அனுப்பி ஒரு மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். பயிற்சியை எங்கிருந்தும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். அக்கா சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள், நான்தான் பிடுங்கினேன். இனி அங்கேயே அத்தான் கடையில் உட்காரலாம் என்று நீங்கள் நினைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடை நல்ல கடைதான்.

இன்னொன்றும் அக்கா செய்தார். உங்களுடைய ஒரு படம் அனுப்பினார். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கை உருண்டையை அமுக்குகிற படம், முகம் நேராகத் தெரிகிறது. எடுத்தது உங்களுக்குத் தெரியாது. நான் முதலில் பார்த்தேன். எனக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது, மறைக்கவில்லை. பிறகு நேற்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள். முன்ன மாதிரி இல்லை என்றேன். வெந்த பக்கக் கன்னத்தையும் உதட்டோரத்தையும் படத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். "இங்க மீசை முளைக்காதா?" என்றாள். சந்தேகம்தான் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தப் பக்கத்தையும் எடுத்துடச் சொல்லு. ஒரு பக்கம் மட்டும் இருந்தா கேலி பண்ணுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு, பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டே படுக்கப் போனாள். அவளுக்கு அவ்வளவுதான். நீங்கள் மூன்று மாதமாக எதை நினைத்து அங்கே இருக்கிறீர்களோ, அது அவளுக்குச் சவரம் செய்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்து ஒன்று அங்கிருந்து ஆறு மணிக்குக் கிளம்புகிறது. மதியம் இரண்டுக்கு இங்கே வந்துவிடும். நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நிற்போம். அன்று பள்ளிக்கூடம் உண்டு, ஆனால் அவளை அனுப்பப் போவதில்லை. ஆசிரியைக்கு என்ன காரணம் எழுதுவது என்று அவளே முடிவு செய்துவிட்டாள், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

புதன்கிழமை என்னோடு உலைக்கு வாருங்கள். பேனல் கதவை நீங்கள் திறக்க வேண்டாம். மெயின் சுவிட்சில் கை வைக்க வேண்டாம். அதை நான் இறக்குகிறேன், பூட்டிச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போடுகிறேன். மீட்டரை அண்ணன் பிடிப்பார். நீங்கள் பக்கத்தில் நின்று, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நில்லுங்கள்.

வழியில் ஜன்னலோரம் உட்காருங்கள், கைக்குத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெயில் படக்கூடாது. நல்லபடியாக வந்து சேருங்கள். வரும்வரை எந்தக் குறையும் உங்களை அண்டாமல் இருக்கட்டும்.

உங்களை வீட்டுக்குக் கூப்பிடும்
உங்கள் மனைவி